தையல் மிஷின் மூடிக்குள் ஒரு ரேடியோ

பெட்டி மேல கால் பட்டுடப் போகுது தம்பி. இருங்க, மடியிலயே வெச்சிக்கிறேன். நீங்க தாராளமா உக்காருங்க. நான் மணப்பாறை வரைக்கும்தான். அதுக்கப்புறம் சீட்டு முழுக்க உங்களுக்குத்தான்.

கண்டக்டர் கேட்டதைக் கேட்டீங்கல்ல? "என்ன பெருசு, தையல் மிஷினை விக்கப் போறீங்களா?"ன்றான். முப்பது வருஷத்துக்கு மேல பிசிக்ஸ் நடத்தினவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? மூடிதான் தையல் மிஷினோடது. உள்ள இருக்கிறது ரேடியோ நிலையம். சிரிக்காதீங்க, நிலையம்னா நிலையம்தான். செட்டு, பேட்டரி, மைக்கு, ஆன்டெனா, ஒயரு, எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள்ள அடக்கம். எந்த மலை உச்சியில கொண்டுபோய்ப் பிரிச்சு வெச்சாலும் பேசலாம். கரண்டு வேண்டாம், செல்போன் டவர் வேண்டாம், எவன் தயவும் வேண்டாம். ஹாம் ரேடியோன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா, சரி. பரீட்சை எழுதி, சர்க்கார்கிட்ட லைசென்ஸ் வாங்கி, சொந்தமா செட்டு வெச்சு ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறவங்க நாங்க. ஒவ்வொருத்தருக்கும் கால் சைன்னு ஒரு அடையாளம் உண்டு, வண்டிக்கு நம்பர் மாதிரி. அதைச் சொல்லாம எங்க ஆளுங்க வாயைத் திறக்க மாட்டாங்க. திறக்கவும் கூடாது.

நான் போறது பொண்ணு வீட்டுக்கு. ஜெசிந்தான்னு பேரு, ஒரே பொண்ணு. நாளைக்கு அவங்கம்மாவுக்கு வருஷப் பூசை. ஆமா, என் சம்சாரம்தான். பிலோமினா. போன வருஷம் இதே மாசம் போயிட்டா.

அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே பொண்ணு என்கூடப் பேச்சை நிறுத்திட்டா. போன வாரம் அவளா போன் பண்ணா. "பூசைக்கு வாங்கப்பா. வரும்போது அம்மாவோட மிஷின் மூடியைக் கொண்டு வாங்க, மிஷின் இங்க தூசியடைஞ்சு கிடக்குது"ன்னா. சரிம்மான்னேன். வெச்சிடுவான்னு பாத்தேன், வெக்கல. "அன்னைக்கு அம்மா ரேடியோல கடைசியா என்ன பேசினாங்க? வந்து நேர்ல சொல்லுங்க. மறைக்காம சொன்னீங்கன்னா வீட்டுக்குள்ள வாங்க. இல்லேன்னா கோயிலோட அப்படியே திரும்பிப் போயிடுங்க"ன்னா. பெத்த அப்பனைப் பாத்து கேக்குறா தம்பி. எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்.

மணப்பாறை வர்றதுக்குள்ள என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணியாகணும். அதான் முன்னபின்ன தெரியாத உங்களைப் பிடிச்சுப் பேசிட்டிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே கேட்டுட்டு, என் மேல என்ன தப்புன்னு சொல்லுங்க.

இந்தப் பெட்டியைச் செய்ய ஒரு கோடைலீவு முழுக்க ஆச்சு. ரிட்டயர் ஆனவனுக்கு ஏது லீவுன்னு கேக்காதீங்க, வாத்தியாருக்கு ஆயுசுக்கும் மே மாசம் லீவுதான். எங்க ரேடியோ கிளப்புல ஆளாளுக்கு மலைக்கு செட்டு கொண்டு போவாங்க. ஒருத்தன் சாக்குல கட்டிக் கொண்டுவருவான், ஒருத்தன் பக்கெட்டுல போட்டுக் கொண்டுவருவான். அங்க போனா ஒயரைக் காணோம், திருகாணியைக் காணோம்னு மலையையே தலைகீழாப் புரட்டுவாங்க. பாக்கவே எனக்கு எரிச்சலா வரும். ஒரு ஒழுங்கு வேண்டாமா?

அப்பதான் பிலோமினாவோட மிஷின் கண்ணுல பட்டுச்சு. கையால சுத்துற பழைய மிஷின். அதுக்கு ஒரு மர மூடி இருக்கும் பாருங்க, மேல வளைஞ்சு, நடுவுல கைப்பிடி வெச்சு. என்ன அருமையான மரம்! அளவெடுத்துப் பாத்தேன். செட்டு, பேட்டரி, எல்லாம் அளவெடுத்துத் தெச்ச மாதிரி உக்காந்துச்சு. கீழ பிளைவுட் அடிச்சேன். முன்பக்கம் ரம்பத்தால அறுத்து ஜன்னல் வெச்சு, அதுல செட்டைப் பொருத்தினேன். ரம்பம் போடும்போது அவ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "எங்கம்மா கல்யாணத்துக்குக் கொடுத்ததுங்க"ன்னா. மிஷினைத்தானே கொடுத்தாங்க, மிஷின் அப்படியேதானே இருக்குன்னேன். உள்ள போய் ஒரு பழைய சேலையை எடுத்து மிஷினுக்குப் போத்தி விட்டா. அவ்வளவுதான் விஷயம். இதைப் போய் பொண்ணு பெருசா பேசுறா.

பேட்டரி வந்து, எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல இருந்து எடுத்த லித்தியம். ஆன்டெனா என்னன்னு நெனைக்கிறீங்க? பழைய டிவிக்கு மொட்டைமாடியில இருந்து தட்டையா ஒரு ஒயர் வருமே, அந்த ஒயர்தான். சுருட்டினா சட்டைப்பையில போயிடும். மலைக்குப் போனதும் தூண்டில் கம்பு நுனியில கட்டித் தூக்கி நிறுத்த வேண்டியதுதான். நீளத்துல விரக்கடை கூடிப்போனாலும் சக்தி வெளிய போகாது, திரும்பி செட்டுக்குள்ளயே வந்து செட்டைக் காய்ச்சிடும். அதனால வெட்டி வெட்டி அளந்து பாக்கணும். மொட்டைமாடியில வெயில்ல நின்னு நான் வெட்டுவேன், அவ கம்பைப் பிடிச்சிட்டு நிப்பா. அசையாத, அசையாதன்னு கத்துவேன். அசையாமத்தான் நிப்பா, பாவம்.

ஒயரெல்லாம் போட்டு வெக்க அவதான் உள்ளுக்குள்ள கித்தான் துணியில பை தெச்சுக் கொடுத்தா. இந்தா பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி. நான் தையல் கோணலா இருக்குன்னேன். பிரிச்சுட்டு மறுபடி தெச்சா.

அய்யலூரா இது? இன்னும் நேரம் இருக்கு.

அவளுக்கும் லைசென்ஸ் இருந்துச்சு தம்பி. ஆமா! புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் லைசென்ஸ் வெச்சிருக்கிறது எங்க கிளப்புல எங்க வீடு மட்டும்தான். நான்தான் படிக்க வெச்சேன். அடுப்புல குழம்பு கொதிக்கும், அவ ஓம் விதியை முணுமுணுத்துட்டு நிப்பா. முதல் தடவையே பாஸ். காது கூசாத குரல் அவளுக்கு. வானத்துல வந்தான்னா, எங்க பாஷையில பேசுறதை அப்படித்தான் சொல்லுவோம், எல்லாரும் "மேடம், சௌக்கியமா மேடம்"னு கூட்டமா வந்துடுவாங்க. அவளும் "நல்லா இருக்கேங்க, உங்க பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சாங்க"ன்னு ஆரம்பிச்சிடுவா. கால் சைன் கிடையாது, பேசி முடிச்சதும் சொல்ல வேண்டிய ஓவர் கிடையாது. ஒரு நாள் எல்லாரும் கேட்டுட்டு இருக்கும்போதே சொன்னேன், "இது சந்தைக்கடை இல்ல, முறைப்படி பேசுறதுன்னா பேசு, இல்லேன்னா செட்டை அணைச்சிட்டுப் போய் துணி தை"ன்னு. நல்லதுக்குத்தான் சொன்னேன். எத்தனை பிள்ளைங்களை இப்படிச் சொல்லித் திருத்தியிருக்கேன். அன்னைக்கு அணைச்சவதான், அப்புறம் வரவே இல்ல. அவளுக்குன்னு வாங்கின சின்ன கைசெட்டு பின் ஜன்னல்ல சும்மா கிடந்துச்சு.

மழைக்காலத்துக்கு முன்னாடி எங்க கிளப்புல பேரிடர்ப் பயிற்சி வைப்போம். புயல் அடிச்சு டவரெல்லாம் சாய்ஞ்சிடுச்சுன்னு பாவனை. சிறுமலை மேல ஒரு கட்டுப்பாட்டு நிலையம். கீழ ஊருல ஒவ்வொரு உறுப்பினரும் அவங்கவங்க வீட்டுல இருந்து கற்பனையா ஆபத்துச் செய்தி சொல்லணும். பள்ளிக்கூடக் கூரை விழுந்துச்சு, கம்மாய் உடைஞ்சுச்சு, இப்படி. மேல இருக்கிறவன் எது முதல்ல, எது அப்புறம்னு வரிசைப்படுத்தி அனுப்பணும். போன வருஷம் மேல இருந்தது நான். இந்தப் பெட்டியோட.

விதியெல்லாம் நான் போட்டதுதான். செல்போனை எல்லாரும் அணைச்சிடணும், டவர் விழுந்துடுச்சுல்ல. ஒவ்வொரு செய்திக்கும் முன்னாடி "பயிற்சிச் செய்தி"ன்னு சொல்லணும். எதுக்குன்னா, வழியில எவனாவது கேட்டா நிஜம்னு பதறிடக் கூடாது பாருங்க. ஒருவேளை நிஜமாவே ஆபத்துன்னா, "பயிற்சி அல்ல"ன்னு மூணு தரம் சொல்லணும். என்ன குறை இதுல? சொல்லுங்க. ஒரு குறையும் இல்ல.

அவ பேரையும் பட்டியல்ல சேத்துட்டு வந்து சொன்னேன். "நான் வரலை. என்னை விட்டுடுங்க"ன்னா. லைசென்ஸ் வாங்கினது அலமாரியில வெக்கவான்னு கேட்டேன். பேச்சு வளந்து போச்சு. அப்புறம் பேசிக்கல. சாப்பாடு வெப்பா, சாப்பிடுவேன். பயிற்சி வெச்சிருந்த ஞாயித்துக்கிழமை மழை கொட்டவும், அடுத்த சனிக்குத் தள்ளிப் போச்சு. அதைச் சொன்னேனா அவகிட்டன்னா... பேச்சே இல்லையே, எங்க இருந்து சொல்றது? சனிக்கிழமை காலையில பெட்டியைத் தூக்கிக்கிட்டு, "மலைக்குப் போறேன்"னு சுவத்தைப் பாத்து சொல்லிட்டுக் கிளம்பினேன். நான் அடிக்கடி போறதுதான்.

பெட்டி அன்னைக்கு என்ன வேலை செஞ்சுச்சு தெரியுங்களா! மூடியைத் திறந்து, கம்பை நிறுத்தி, சுவிட்சைப் போட்டேன், மாவட்டமே கைக்குள்ள வந்துடுச்சு. ஒரு கரகரப்பு இல்ல. காஜா மைதீன்னு எங்க கிளப்புல ஒரு ஆளு, பேகம்பூர்ல சைக்கிள் கடை. பிரமாதமா ஒரு செய்தி சொன்னான். பஸ் கவிழ்ந்துச்சு, பதினாறு பேருக்கு அடி, ஒரு பிள்ளைத்தாச்சி, அப்படி இப்படின்னு. நான் ஒவ்வொண்ணா வாங்கிட்டு இருக்கேன். நடுவுல ஒரு இடைவெளி. "என்னங்க... என்னங்க, கேக்குதா?"

எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு தம்பி. வந்துட்டா! கோவத்தையெல்லாம் விட்டுட்டு எனக்காக வந்துட்டா பாருன்னு நெனச்சேன். அந்த மலை மேல நின்னு நான் அன்னைக்குப் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்னைக்குக் கூடப் பட்டதில்ல. ஆனா காட்டிக்க முடியுமா? அத்தனை பேர் கேக்குறாங்க. சொந்தப் பெண்டாட்டின்னு சலுகை காட்டினா நாளைக்கு எவன் மதிப்பான்? "அழைக்கும் ஸ்டேஷன், கால் சைன் ப்ளீஸ்"னேன்.

சொன்னா. ஒவ்வொரு எழுத்தா, நிறுத்தி நிறுத்திச் சொன்னா. எவ்வளவு தெளிவுன்னு மெச்சிக்கிட்டேன். "எனக்கு மூச்சு முட்டுதுங்க. நெஞ்சை அடைக்குது. வேர்த்து ஊத்துது"ன்னா. காஜா குறுக்க வந்து, "சார், மேடம் அசத்துறாங்க சார், தத்ரூபமா இருக்கு"ன்னான். எனக்குப் பெருமை தாங்கல. "பாதிக்கப்பட்டவங்க எத்தனை பேர்?"னு கேட்டேன். "நான் ஒருத்திதாங்க"ன்னா. முன்னாடி "பயிற்சிச் செய்தி"ன்னு சொல்லல. அதைக் கவனிச்சேன். அதுக்கு மார்க் குறைக்கணும்னு கூட நெனச்சேன்.

"உங்களுக்கு முன்னால் பஸ் கவிழ்ந்து பதினாறு பேர். நீங்கள் ஒருவர். காத்திருக்கவும்"னு சொன்னேன். அதானே முறை? பதினாறு பெருசா, ஒண்ணு பெருசா? எந்தக் கலெக்டரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவார்.

காஜாவோடதை முடிச்சு, கூரை விழுந்ததை முடிச்சு, அவ முறை வந்ததும் கூப்பிட்டேன். பதில் இல்ல. மறுபடி கூப்பிட்டேன். மூணு தரம் கூப்பிட்டு வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடணும், அது விதி. போயிட்டேன். பாதியில விட்டுட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டான்னு கோவம் கூட வந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு செல்போனைப் போட்டா, அவ கூப்பிட்டிருக்கா. நிறைய தடவை. ரேடியோல வர்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டிருக்கா. திருப்பி அடிச்சேன், எடுக்கல. கோவம் இன்னும் தீரலை போலன்னு நெனச்சுக்கிட்டு, மலைக்குக் கூட வந்திருந்த கிளப் ஆளுங்களோட உக்காந்து பொட்டலம் பிரிச்சு சாப்பிட்டேன். கேக்குதா தம்பி? சாப்பிட்டேன். அவ வெச்சுக் கொடுத்த எலுமிச்சஞ்சோறு இருந்துச்சு, அதையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா பின் ஜன்னல்கிட்ட நாற்காலியில உக்காந்திருக்கா. சிக்னல் அங்கதான் நல்லா வரும்னு நான் சொல்லிக் கொடுத்த இடம். கைசெட்டு மடியில. ஆன்லயே இருக்கு, சத்தம் முழுசா வெச்சிருக்கா. நான் தொட்டுப் பாத்தப்ப...

விடுங்க.

டாக்டர் சொன்னார், உடனே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எதிர்வீட்டு ஸ்டெல்லாவை ஒரு சத்தம் கொடுத்துக் கூப்பிட்டிருக்கலாம்ல? ஆம்புலன்சுக்கு அடிச்சிருக்கலாம்ல? "பயிற்சி அல்ல"ன்னு ரெண்டு வார்த்தை, சொல்லியிருக்கலாம்ல? படிச்சவதானே? பாஸ் பண்ணவதானே? என்னை ஏன் கூப்பிட்டா தம்பி? மலை மேல இருக்கிற என்னை ஏன் கூப்பிட்டா?

காஜாதான் பொண்ணுகிட்ட போய்ச் சொன்னது. "மேடம் அன்னைக்குப் பேசினாங்கம்மா, நாங்க புரிஞ்சுக்கல, பாவி நானும் சிரிச்சேன்"னு அழுதிருக்கான். கடைசியா பேசினதை மட்டும் சொல்லல. "அதை அப்பாகிட்ட கேட்டுக்கம்மா"ன்னுட்டானாம். செட்டை வித்துட்டு கிளப்பை விட்டே போயிட்டான். இவனுக்கு எதுக்கு இந்த வேலை? நல்லா இருந்த அப்பன் மகளைப் பிரிச்சு வெச்சுட்டான்.

வையம்பட்டி தாண்டியாச்சா? ஐயோ, வந்துடுச்சே.

ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன். "அம்மா உன்னைத்தாம்மா கேட்டாங்க, ஜெசிந்தா சாப்பிட்டாளான்னு கேட்டாங்க"ன்னு சொல்லிடலாம்னு. பிள்ளைக்கும் ஆறுதலா இருக்கும். ஆனா காஜா காதால கேட்டிருக்கான். கிளப்பே கேட்டிருக்கு. பொய்னு தெரிஞ்சா அப்புறம் கோயில்ல கூட என் முகத்துல முழிக்க மாட்டா.

நிஜமா என்ன சொன்னான்னா கேக்குறீங்க? இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

காத்திருக்கவும்னு சொன்னேன்ல? அப்புறம் பட்டனை அமுக்கினா. மூச்சு இரைக்கிறது கேக்குது. "பஸ்ஸா? பதினாறு பேரா? மாதாவே... பிள்ளைத்தாச்சி வேற இருக்காளாங்க? அவங்களை முதல்ல பாருங்க. என்னை அப்புறம் பாத்துக்கலாம். நான் இருக்கேன்."

அவ அதை நிஜம்னு நெனச்சுட்டா தம்பி. அன்னைக்குத்தான் பயிற்சின்னு அவளுக்குத் தெரியாது. இல்லாத பஸ்ஸு அது. காஜா சைக்கிள் கடையில உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டே யோசிச்ச பஸ்ஸு. அந்த இல்லாத பதினாறு பேருக்காக என் பிலோமினா ஒதுங்கி நின்னா. சத்தத்தை முழுசா வெச்சுக்கிட்டு, எப்படா இவன் நம்மளைக் கூப்பிடுவான்னு, நான் சொன்ன இடத்துல, நான் சொன்ன மாதிரி உக்காந்திருந்தா. ஒவ்வொருத்தருக்கா நான் மருந்து அனுப்புறதையும் படகு அனுப்புறதையும் கேட்டுக்கிட்டே இருந்திருப்பா. எனக்குத் தாங்கலையே தம்பி. ராத்திரியானா அந்தக் குரல்தான் கேக்குது. என் நெஞ்சு ஏன் அடைக்க மாட்டேங்குது?

இல்ல, தண்ணி வேண்டாம். இருக்கட்டும்.

அதுக்கு நான் என்ன சொன்னேனா? நானா? நான்... "நன்றி. ஓவர் சொல்லி முடிக்கவும். அடுத்த ஸ்டேஷன் வரலாம்"னு சொன்னேன்.

மணப்பாறை பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. அதோ நிக்கிறா பாருங்க, தூணோரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு. அப்படியே அவங்கம்மா ஜாடை. பஸ்ஸை ஒவ்வொரு ஜன்னலா பாக்குறா. தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எனக்கு முன்னாடி இறங்கி அவகிட்ட நீங்க சொல்லிடுறீங்களா? அவங்கம்மா சொன்னதை மட்டும் சொல்லுங்க. அப்பா அதுக்கு என்ன சொன்னார்னு கேட்டா, அது தெரியாதும்மான்னு சொல்லிடுங்க.